இரவில் காதுக்குள் கேட்கும் சத்தம்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் செவித்திறன் பரிசோதனை செய்துவரும் என்னிடம் காது இரைச்சல் குறித்துக் கேட்கப்பட்டவற்றுள் நான்கிற்கு இங்கே விடை எழுதுகிறேன்.

பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விளக்கணைத்துப் படுத்தால் இரு காதிலும் சில்வண்டு கத்துகிறது; பகலில் இல்லை. ஏன்?

பகலிலும் அது இருக்கிறது, ஐயா. இயந்திரமும் பேருந்தும் பேச்சும் அதை மூடிவிடுகின்றன. ஊர் அடங்கியதும் தனித்துக் கேட்கிறது. உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் பேரிரைச்சலில் நைந்துபோனால் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றிடமிருந்து வரவேண்டிய ஒலிச்செய்தி குறையும்போது, மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொண்டு வெளியில் இல்லாத ஒலியை உணர்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பட்டறைத் தொழிலாளர் பலரிடம் பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சொலியைக் கொடுத்தால், கேட்டதும் அழுத்த வேண்டிய பொத்தானை அழுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேள்திறனைக் காட்டும் வரைபடக் கோடு அவ்விடத்தில் பள்ளமாக இறங்கும்.

85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் என்பதே பாதுகாப்பு எல்லை. 88 ஆனால் 4 மணி நேரம்தான். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் எல்லை தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். பஞ்சு போதாது, முறையான காதடைப்பான் வேண்டும். கேள்திறன் குறைந்திருந்தால், காதுகேள் கருவி பொருத்திய பிறகு பலருக்கு இரைச்சலின் தொல்லையும் தணிகிறது. படுக்கையில் முழு அமைதியைத் தேடாதீர்கள். மின்விசிறி ஓடட்டும், அல்லது வானொலி மிக மெல்லப் பாடட்டும்.

வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் 'டப் டப்' என்று காதில் அடிக்கிறது. (பாலக்கோடு)

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள், அம்மா. இரண்டும் ஒரே தாளத்தில் இருந்தால் இது முன்னதைப் போன்ற இரைச்சல் அன்று. இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை காரணமாகலாம். அரிதாக, காதை ஒட்டிய இரத்தக்குழாய்க் கோளாறாகவும் இருக்கலாம் என்பதால் ஸ்கேன் தேவைப்படும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

மாத்திரை இல்லையா?

இரைச்சலை அடியோடு போக்குவதாக உறுதிசெய்யப்பட்ட மாத்திரை இதுவரை இல்லை. குறும்பி (காது அழுக்கு) அடைத்திருந்தால் மருத்துவர் அதை எடுத்ததும் நின்றுவிடக்கூடும். தீக்குச்சியால் நீங்களே குடையாதீர்கள். அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் ஊசி போன்றவையே சிலருக்கு இரைச்சலை உண்டாக்கும். ஆனாலும் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்த வேண்டாம். தூக்கம் கெட்டு மனம் நொந்தவர்களுக்கு, உளவியலாளர் அளிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் முறை) அந்தத் துன்பத்தைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

நேற்றிரவு இடக்காதில் இரைச்சல். காலையில் அந்தக் காது கேட்கவே இல்லை. சளி என்று நினைத்துக் காத்திருக்கலாமா? (ஓசூர்)

காத்திருக்கவே கூடாது. இது செவிநரம்புக் கோளாறாக இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்குக் கேள்திறன் திரும்பும் வாய்ப்பு உண்டு, வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இதைப் படித்ததும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.