கப்பலில் எந்த அறை எடுப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய்த் திரும்பும் 3 ராத்திரி சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போகிறோம். பர்லியாறு கொண்டை ஊசி வளைவு வந்தாலே எங்க அத்தைக்கு வாந்தி. எந்த அறை எடுக்கலாம்? வேறென்ன கவனிக்கணும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உயரத்தில் பால்கனி அறை வேண்டாமுங்க. கப்பல் சீசா பலகை மாதிரி. முனையும் பின்பக்கமும் ஏறி இறங்கும், நடுப்பகுதி அவ்வளவாக அசையாது. பக்கவாட்டு ஆட்டமும் மேலே போகப்போகக் கூடும். அதனால் கீழ்த்தளம், நடுப்பகுதி. விலை குறைவு என்று ‘கியாரண்டி’ அறை எடுத்தால் இடத்தை அவர்களே முடிவு செய்வார்கள். அறை எண்ணைக் கேட்டு வாங்குங்க. நீங்க போகும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதிதான். இருந்தாலும் டாக்டரிடம் கேட்டு, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்க. குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது.

சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று கட்டாயம் பாருங்க.

கோவையிலிருந்து நேரடி விமானம் உண்டு. முந்தின நாளே போய்விடுங்க, கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

பெரிய பெட்டி அறைக்கு வர சாயங்காலம் ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி கைப்பையிலேயே இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் வேண்டாம். தீப்பிடிக்கும் பயத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கரை தாண்டியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க. கப்பலின் சாட்டிலைட் சிக்னலில் ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும்.