தரகருக்கு வாய்ப்பூட்டு: சர்வர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் நூலகப் பட்டியலைச் சோலர் என்ற தேடுபொறி மென்பொருளில் ஏற்றி இன்டெக்ஸ் செய்துவிட்டேன். சர்வருக்குள் நுழைந்து 8983 போர்ட்டில் கேட்டால் முடிவு உடனே வருகிறது. அதை அப்பாச்சி என்ற வெப் சர்வர் வழியாக வெளியே கொடுக்க வேண்டும். பாதுகாப்புக்காக மாட்யூல் பட்டியலில் தேவையில்லாதவற்றையெல்லாம் அணைத்துவிட்டு ப்ராக்ஸியை மட்டும் விட்டுவைத்தேன். 500 பிழை வந்தது. நண்பர் ஒருவர் இன்னொரு வரியைத் திறந்துவிடச் சொன்னார். இப்போது 503 வருகிறது. ரெட் ஹாட் வகை லினக்ஸ். மாட்யூல் சரியாக ஏறவில்லையா?

பதில்: ஏறியிருக்கிறது. ஏறாமல் இருந்தால் அப்பாச்சி எழுந்தே இருக்காது. கோரிக்கையைப் பின்னால் கடத்தச் சொல்லும் ‘ப்ராக்ஸிபாஸ்’ என்ற வரியைக் கண்டதும், இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது என்று அங்கேயே படுத்திருக்கும்.

முதலில் அந்த 500. ப்ராக்ஸி மாட்யூல் ஒரு தரகர். வருகிற கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். பின்னால் இருப்பவரிடம் எந்த மொழியில் பேசுவது என்பதை ‘ப்ராக்ஸி_எச்டிடிபி’ என்ற துணை மாட்யூல்தான் கற்றுக்கொடுக்கிறது. தேவையில்லாதது என்று நீங்கள் அணைத்தவற்றில் அதுவும் போயிருக்கிறது. தரகரை வேலைக்கு வைத்துவிட்டு வாய்ப்பூட்டும் போட்டுவிட்டீர்கள். பிழை லாகைத் திறந்திருந்தால், இந்த முகவரிக்கு ஏற்ற நெறிமுறைக் கையாளி எதுவும் கிடைக்கவில்லை, ப்ராக்ஸியின் துணை மாட்யூல்களை ஏற்றியிருக்கிறீர்களா பார் என்று அப்பாச்சியே எழுதிவைத்திருக்கும். நண்பர் திறக்கச் சொன்ன வரி இதுதான். அவர் சொன்னது சரி. (டெபியன், உபுண்டு பயன்படுத்துகிறவர்கள் ‘ஏ2என்மாட்’ கட்டளையில் இரண்டு பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது.)

இனி 503. இங்கேதான் பலரும் வழிதவறுகிறார்கள். பிழை லாகில் இதற்கான வரியில் வளைந்த அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று பொருள்: சோலர் ஓடவில்லை, அல்லது நீங்கள் சொன்ன போர்ட்டில் இல்லை. 13 என்றால் அனுமதி மறுக்கப்பட்டது: சோலர் அங்கே நலமாக இருக்கிறது, அப்பாச்சியை இயக்க அமைப்பு அதன் பக்கம் போகவே விடவில்லை. உங்களுடையது 13 ஆகத்தான் இருக்கும். ரெட் ஹாட் வகையில் எஸ்இலினக்ஸ் என்ற காவலர், வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு எடுப்பதை இயல்பாக அனுமதிப்பதில்லை. அதே சர்வருக்குள் இருக்கும் 127.0.0.1 ஆனாலும் அவருக்கு அது ‘வெளியே’தான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத காலத்தில் ஓர் இரவு முழுக்க இதில் போனது. சோலரை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினேன். ரூட்டாக நுழைந்து ‘கர்ல்’ கட்டளையில் கேட்டால் பதில் வருகிறது, பிரௌசரில் 503. என்னைக் குழப்பியதும் அதுதான், யோசித்துப் பார்த்தால் துப்பும் அதுதான். நான் கைப்பட ஓட்டும் கட்டளைக்கு அந்தக் காவலரின் தடை கிடையாது. அப்பாச்சியின் செயல்களுக்கு மட்டும் உண்டு. விடியும் நேரத்தில் ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்ற சுவிட்சைக் கண்டுபிடித்து, ‘செட்செபூல்’ கட்டளையால் 1 ஆக்கினேன். உடனே வேலை செய்தது. நிம்மதியாகத் தூங்கப் போனேன். சில வாரம் கழித்து சர்வரை ரீபூட் செய்த அன்று மறுபடியும் 503. கட்டளையோடு ‘-பி’ என்ற பெரிய எழுத்தைச் சேர்க்காவிட்டால் அந்த மாற்றம் ரீபூட்டோடு போய்விடும். நீங்கள் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

503 போனபின் 404 வந்தால் சாய்வுக்கோட்டைப் பாருங்கள். ப்ராக்ஸிபாஸ் வரியில் இடப்பக்கம் ‘/தேடல்/’ என்று கோட்டோடு முடித்து, வலப்பக்கம் ‘/சோலர்’ என்று கோடு இல்லாமல் விட்டால், ‘/தேடல்/நூல்’ என்று கேட்டவருக்கு ‘/சோலர்நூல்’ என்ற இடத்தைத் தேடித்தரும். அப்படி ஓர் இடம் கிடையாது. இரண்டு பக்கமும் கோடு வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் வேண்டாம்.

கேள்வி: மேலே உள்ளது போன்ற அமைப்புதான் எங்களுடையதும். சோலரின் பாதை முழுவதையும் ப்ராக்ஸி வழியாகத் திறந்து வைத்திருக்கிறேன். நிர்வாகப் பக்கத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது, மிகவும் வசதி. இதில் ஆபத்து இருக்கிறதா?

பதில்: உங்களுக்கு வசதி என்றால் முகம் தெரியாதவருக்கும் அதே வசதிதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படித்தான் திறந்து கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, தேடல் பெட்டியில் எதைப் போட்டாலும் ‘0 முடிவுகள்’. சர்வர் நலம், சோலர் நலம், பிழை லாகில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. அணுகல் லாகைப் பின்னோக்கிப் புரட்டியபோது, ஞாயிறு பின்னிரவில் ‘அப்டேட்’ பாதைக்கு ஒரே ஒரு கோரிக்கை, பதில் 200, அதாவது வெற்றி. நட்சத்திரம், முக்காற்புள்ளி, நட்சத்திரம். சோலரில் அதற்கு ‘எல்லாமும்’ என்று பொருள். அழி என்பதோடு அதைச் சேர்த்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சோலரும் பணிவாகச் செய்து முடித்து 200 கொடுத்திருக்கிறது. பிழையே இல்லாதபோது பிழை லாகில் என்ன இருக்கும்? மூலத் தரவு தனி டேட்டாபேஸில் இருந்ததால் பிழைத்தோம். மறுபடி இன்டெக்ஸ் செய்து முடிக்க மாலையாகிவிட்டது.

ஆகவே முழுப் பாதையையும் இன்றே மூடுங்கள். ‘செலக்ட்’ என்ற வினவல் பாதை ஒன்றை மட்டும் திறக்கலாம். அதுவும் அரைக் காவல்தான். எத்தனை வரிசை வேண்டும் என்பதைக் கேட்பவரே சொல்லும் அளவுரு ஒன்று உண்டு. சொல்லாவிட்டால் 10, ஆனால் ஒருவர் 10 லட்சம் என்று கேட்டாலும் சோலர் மறுக்காது, மூச்சு முட்டினாலும் தரப் பார்க்கும். சோலரின் ஆவணமே அதன் எந்த இடைமுகமும் நம்பிக்கையற்றவர்கள் தொடுவதற்கு ஏற்றபடி அமைக்கப்படவில்லை என்று சொல்கிறது. என் வழி: நடுவில் ஒரு சின்ன நிரல். பயனரிடமிருந்து தேடுசொல்லையும் பக்க எண்ணையும் மட்டும் வாங்கி, மற்ற அளவுருக்களைத் தானே நிரப்பிச் சோலரிடம் கேட்கும். ஐம்பது வரிகூட வராது. நிர்வாகப் பக்கம் வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் (சர்வருக்குள் நுழையும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) போட்டு வாருங்கள்.

இன்னொன்று. ப்ராக்ஸியில் மூடிவிட்டு 8983 போர்ட்டை வெளியே திறந்தே வைத்திருப்பவர்களும் உண்டு. சோலர் 9 முதல் அது இயல்பாக 127.0.0.1-இல் மட்டும்தான் காது கொடுக்கும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் ஃபயர்வாலை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: எஞ்சின்-எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு ஒரு மாட்யூலை நானே மூலநிரலிலிருந்து கட்டினேன். ஏற்றப் போனால் ‘பைனரி ஒத்துப்போகவில்லை’ என்கிறது. பதிப்பு எண் ஒன்றுதான்.

பதில்: எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்-எக்ஸ் எந்தத் தெரிவுகளோடு கட்டப்பட்டதோ, மாட்யூலும் அதற்கு ஒத்தபடி இருக்க வேண்டும். பெரிய எழுத்து ‘வி’ கொடுத்துப் பதிப்பைக் கேட்டால் அந்தத் தெரிவுகள் முழுவதும் வரும். அதில் ‘வித்-காம்பாட்’ இருந்தால் நீங்களும் அதைச் சேர்த்துக் கட்டுங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும். மாட்யூலை ஏற்றும் வரி கான்ஃபிக் கோப்பின் தலையில் வர வேண்டும், எச்டிடிபி தொகுதிக்குள் போடாதீர்கள். தேடல் சர்வரை முன்னால் கொண்டுவர மட்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம்; ‘ப்ராக்ஸி_பாஸ்’ அதிலேயே இருக்கிறது.

கேள்வி: எங்கள் தேடல் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களை எத்தனை கொடுத்தாலும் வேலை செய்கிறது. தமிழில் நிறைய வடிகட்டிகளைத் தேர்ந்தெடுத்தால் 414 வருகிறது. மாட்யூலுக்குத் தமிழ் ஆகாதா?

பதில்: தமிழ் ஆகும். நீளம்தான் ஆகவில்லை.

‘தேடுபொறி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டு: த, ஏகாரக் குறி, ட, உகரக் குறி, ப, ஒகரக் குறி, ற, இகரக் குறி. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக எட்டு பெருக்கல் ஒன்பது, 72 எழுத்து. அப்பாச்சி ஒரு கோரிக்கை வரிக்கு இயல்பாகக் கொடுக்கும் இடம் 8190 பைட். இந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கினாலே 113 முறைக்கு மேல் போகாது. நீங்கள் வடிகட்டியின் முழுப் பெயரையும் நூலாசிரியர் பெயரையும் முகவரியில் கட்டி அனுப்புகிறீர்கள்.

அப்பாச்சியில் இந்த எல்லையைச் சொல்லும் ‘லிமிட்ரிக்வெஸ்ட்லைன்’ என்பதைக் கூட்டலாம். ஆனால் பின்னால் சோலரைச் சுமக்கும் ஜெட்டி என்ற சர்வருக்கும் தனி எல்லை இருக்கிறது, அதையும் கூட்ட வேண்டும். நான் கூட்டமாட்டேன். வடிகட்டிகளுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள், அல்லது நீண்ட வினவலை முகவரியில் வைக்காமல் கோரிக்கையின் உள்ளே வைக்கும் போஸ்ட் முறையில் அனுப்புங்கள். செலக்ட் பாதை அதையும் ஏற்கும்.

சரி, இதே சொல்லில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ‘பொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. இன்டெக்ஸில் ஒரு வகையும் தேடுபவர் விசைப்பலகையில் இன்னொரு வகையும் இருந்தால், நூல் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். இதற்கும் ப்ராக்ஸி மாட்யூலைத் திட்டிக் கடிதம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். வெப் சர்வர் பைட்டுகளை அப்படியே கடத்துகிறது, அதற்கு எழுத்து தெரியாது. சோலரின் பகுப்பாய்வில், இரண்டு வகையையும் ஒன்றாக்கும் ஐசியூ இயல்பாக்க வடிகட்டியைச் சேருங்கள். அது துணை மாட்யூலில் வருவதால் தனியாக இயக்க வேண்டும். சேர்த்தபின் பழைய ஆவணங்களை மறுபடி இன்டெக்ஸ் செய்யாவிட்டால் பாதி நூல் கிடைக்கும், பாதி கிடைக்காது.

கேள்வி: கான்ஃபிக்கில் கை வைக்கும்போதெல்லாம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா? பகலில் செய்யப் பயமாக இருக்கிறது.

பதில்: ப்ராக்ஸிபாஸ் வரி மாற்றத்துக்கு ‘கிரேஸ்ஃபுல்’ போதும், நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளை முடித்துவிட்டுத்தான் புதிய அமைப்புக்கு மாறும். புதிய மாட்யூலை ஏற்றினால் நான் ரீஸ்டார்ட்தான் செய்வேன். எதுவானாலும் முதலில் ‘கான்ஃபிக்டெஸ்ட்’ ஓட்டுங்கள். அது ‘சின்டாக்ஸ் ஓகே’ என்பது இலக்கணம் சரி என்பதற்கு மட்டும்தான். 8983 என்பதை 8938 என்று மாற்றி எழுதியிருந்தாலும் ஓகே என்றே சொல்லும். அப்புறம் லாகில் 111.