செக் நாட்டின் ஹோலஷோவிட்சே கிராமத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு சின்ன ஊரை ஏன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்?

கோட்டை கிடையாது, அரண்மனை கிடையாது, பெரிய தேவாலயம்கூடக் கிடையாது. நீளமான ஒரு புல்வெளித் திடல், நடுவில் ஒரு குளம், ஒரு குட்டிச் சிற்றாலயம், சுற்றிலும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் 23 பண்ணை வீடுகள். ஊரைச் சுற்றி வர அரை மணி நேரம் போதும். நூற்றைம்பது பேர்கூட இல்லாத இந்த ஊரை 1998-இல் யுனெஸ்கோ முழுசாகப் பட்டியலில் சேர்த்தது. ஏதோ ஒரு கட்டிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவில்லை, ஊரையே.

சுற்றுலாக் குறிப்புகளில் "காலம் உறைந்துபோன கிராமம்" என்று எழுதுவார்கள். எனக்கு அந்த வர்ணனை பிடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே மக்கள் கட்டிக் காத்த ஊர் என்ற எண்ணத்தை அது கொடுத்துவிடுகிறது. உண்மை நேர் எதிர். இந்த ஊர் இரண்டு முறை கிட்டத்தட்டக் காலியாகி, இரண்டு முறையும் வேறு ஆட்கள் வந்து குடியேறிய ஊர். நான் ப்ராகில் வேலை பார்த்த காலத்தில் அங்கே போனேன். போவதற்கு முன் இதைப் படித்திருந்ததால்தான் அந்த வீடுகளை வெறும் அழகான வீடுகளாக மட்டும் பார்க்காமல் இருக்க முடிந்தது.

முதலில் இடம். செக் நாட்டின் தெற்கு மாகாணமான தெற்கு போஹீமியாவின் தலைநகர் செஸ்கே புத்யேயோவிட்சேயிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. (பீர் குடிப்பவர்களுக்கு இந்த நகரத்தை புட்வைஸ் என்று சொன்னால் சட்டென்று பிடிபடும்.) அந்த வட்டாரம் ஒரு பரந்த தாழ்நிலம். தண்ணீர் எளிதில் வடியாத நிலம் என்பதால் அந்தக் காலத்திலேயே கரை போட்டு ஏரி ஏரியாக வெட்டி மீன் வளர்த்திருக்கிறார்கள். இன்றும் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு செக் வீடுகளில் பொரிக்கும் கெண்டை மீனில் பெரும்பங்கு தெற்கு போஹீமிய ஏரிகளிலிருந்துதான் வருகிறது. தெற்கே பார்த்தால் ப்ளான்ஸ்கி லெஸ் காட்டு மலைகள், அதில் உயர்ந்தது 1,084 மீட்டர் உயரமுள்ள க்ளெட். அதற்கு அந்தப் பக்கம் செஸ்கி க்ரும்லோவ் என்ற சுற்றுலா நகரம். கூட்டமெல்லாம் அங்கேதான் போகிறது.

ஊரின் பெயர் முதலில் பதிவாவது 1263-இல். புத்யேயோவிட்சே நகரம் உருவானது 1265, ஆக நகரத்தைவிடக் கிராமம் மூத்தது. 1292-இல் இரண்டாம் வாட்ஸ்லாவ் மன்னர் இந்த ஊரை விஷ்ஷி ப்ரோட் என்ற இடத்திலிருந்த சிஸ்டெர்சியன் துறவிகளின் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊர் மடத்தின் சொத்தாகிவிட்டது என்றால் நிலம் மடத்துடையது, உழுகிறவன் மடத்தின் குடியானவன், வரி மடத்துக்கு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதே ஏற்பாடுதான்.

1520 முதல் 1525 வரை கொள்ளைநோய். அது ஓய்ந்தபோது ஊரில் உயிரோடு மிஞ்சியவர்கள் இரண்டே பேர். இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. மடத்துக்கு ஆள் இல்லாத நிலத்தால் என்ன லாபம்? பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களை வரவழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேற்றியது. 1530-இல் 17 பேர். அப்படியே பெருகிப் பெருகி, செக் ஊராகத் தொடங்கியது ஜெர்மன் பேசும் ஊராகிவிட்டது. 1895 கணக்குப்படி 157 ஜெர்மானியர், செக் மக்கள் 19 பேர்.

இங்கே எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. மனிதர்கள் அடியோடு மாறினார்கள், ஆனால் ஊரின் வரைபடம் மாறவில்லை. நடுவில் செவ்வகத் திடல், அதை ஒட்டிக் குறுகலாக ஆரம்பித்துப் பின்பக்கம் நீண்டு போகும் மனைகள், வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதற்கும் பின்னால் வயல். இது இடைக்காலத்தில் போட்ட அளவு. புதிதாக வந்தவர்களும் அந்த அளவுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் மாறாததுதான் இதற்குக் காரணம் என்பது என் ஊகம். குடியானவன் செத்துப்போவான், மடம் சாகாது.

சிற்றாலயம் 1755-ஐச் சேர்ந்தது, நெபோமுக் யான் என்ற புனிதர் பெயரில். இவரை 1393-இல் வல்டாவா ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். 1729-இல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. அதற்கப்புறம் போஹீமியாவில் பாலம், குளம், தெருமுனை என்று அவர் சிலை இல்லாத இடமே கிடையாது.

இப்போது வீடுகள். படங்களில் பார்ப்பது இவற்றைத்தான், ஆனால் இவை நினைப்பதைவிடப் புதியவை. திடலைப் பார்த்து நிற்கும் அந்த வளைவு நெளிவான முக்கோண முகப்புகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. 1848-இல் பண்ணையடிமை முறை ஒழிந்தது, சம்பளமில்லாத கட்டாய வேலை போனது, நிலம் உழுகிறவன் கைக்கு வந்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் விவசாயி என்ன செய்வான்? வீட்டைப் பெரிதாக்கிக் கட்டுவான். மடத்திலும் நகரத்திலும் பார்த்த, வளைவும் அலங்காரமும் நிறைந்த பரோக் என்ற கட்டிடப் பாணியை, நகரத்தில் அந்தப் பாணி மலையேறி நூறு வருடம் ஆன பிறகு, உள்ளூர்க் கொத்தனாரை வைத்துச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் தன் வீட்டு முகப்பில் ஏற்றிக்கொண்டான். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று பூச்சு, மேலே சுதை வேலைப்பாடு, கட்டிய வருடம். இதைத்தான் தெற்கு போஹீமிய நாட்டுப்புற பரோக் என்கிறார்கள். படித்த கட்டிடக் கலைஞர் யாராவது பார்த்தால் அளவெல்லாம் தப்பு என்றுதான் சொல்லியிருப்பார், எனக்கு அந்தத் தப்புதான் பிடித்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரனைவிடத் தன் முகப்பு ஒரு சுற்று அதிகமாக வளைய வேண்டும் என்ற போட்டி அப்பட்டமாகத் தெரிகிறது.

ஒவ்வொரு பண்ணைக்கும் பொதுவாக இரண்டு முகப்புகள் இருக்கும். ஒன்று குடியிருக்கும் வீடு, மற்றது தானியக் களஞ்சியம். இரண்டுக்கும் நடுவில் மதில், அதில் வண்டி போக வளைவு வாசல், ஆள் போகச் சின்னக் கதவு. உள்ளே முற்றம், பக்கத்தில் மாட்டுத் தொழுவம், கடைசியில் குறுக்கே பெரிய வைக்கோல் கொட்டகை. களஞ்சியத்துக்கும் வீட்டுக்கு நிகராக அலங்காரம் செய்திருக்கிறார்கள். அந்த மனிதர்களின் கௌரவம் எதில் இருந்தது என்பது அதிலேயே தெரிகிறது.

அப்புறம் 1945. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மன் மொழிக் குடிமக்களை வெளியேற்றியது. நாடு முழுக்கச் சுமார் முப்பது லட்சம் பேர். நாஜி ஆக்கிரமிப்பில் செக் மக்கள் பட்டதற்குப் பதிலடி என்று அதைச் சொன்னவர்கள் உண்டு, நாலு நூற்றாண்டாக அதே மண்ணை உழுதவர்களை மொத்தமாகத் துரத்தியது நியாயமா என்று கேட்பவர்களும் உண்டு, செக் நாட்டில் இன்னமும் ஓயாத வாதம் அது. ஹோலஷோவிட்சேயில் பல வீடுகள் பூட்டியபடி கிடந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சியில் நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளுக்குப் போயின. வீடுகளைச் சீந்த ஆளில்லை, பல சிதிலமாயின.

அந்தக் கவனிப்பாரற்ற காலம்தான் ஊரைக் காப்பாற்றியது. இதே காலத்தில் செழிப்பாக இருந்த செக் கிராமங்களில் பழைய முகப்பைச் செதுக்கி எறிந்துவிட்டு, அகல ஜன்னல் வைத்து, சாம்பல் நிற சிமெண்டுப் பூச்சு அடித்து, பெட்டி மாதிரி வீடுகளாக்கிவிட்டார்கள். ஹோலஷோவிட்சேயில் அதைச் செய்யப் பெரிதாக யாரும் இல்லை. 1990-க்குப் பிறகு மறுபடி ஆட்கள் குடிவந்து பழுதுபார்க்கத் தொடங்கினார்கள், எட்டு வருடத்தில் யுனெஸ்கோ. இன்று அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் அந்த முகப்புகளைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இல்லை. தகவல் பலகைகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடுவது எனக்கு உறுத்தல்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ப்ராகிலிருந்து புத்யேயோவிட்சேக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து பஸ். வார இறுதியில் பஸ் குறைவு, திரும்பி வரும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலைக் கடைசியில் நடக்கும் கிராமத் திருவிழாவில் கைவினைக் கடைகள் நிறைந்திருக்கும், ஆனால் வீடுகளைப் பார்க்க முடியாத அளவுக்குக் கூட்டம். என்னைக் கேட்டால் மே மாதம் ஒரு வேலை நாளில் போங்கள். திடலில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பாமல் கொட்டகைகளுக்குப் பின்பக்கம் சுற்றி நடந்தால்தான் மனை, தோட்டம், வயல் என்ற அந்தப் பழைய வரிசை புரியும். மாடும் வைக்கோலும் இருந்த பக்கம் அதுதான்.

ஊருக்கு வெளியே வட்டமாக நட்ட பெரிய கற்கள் இருக்கின்றன, அவற்றை யாராவது பழங்கால கெல்டிக் இனத்தார் காலத்தவை என்று சொன்னால் நம்பாதீர்கள். இந்த நூற்றாண்டில் நட்டவை.