அந்த ஃபங்ஷன் என்ன தப்பு பண்ணுச்சு?

வணக்கம் சார்,

கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில டாக்குமென்டேஷன் வேலை பாக்குறேன். ரெண்டு வருஷமா ரஷ்யனும் படிச்சிட்டு இருக்கேன், அந்த தைரியத்துல ஜாவாங்கிற புரோகிராமிங் மொழிக்கான ஒரு மேனுவலை ரஷ்யனுக்கு மாத்துற வேலைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். அதுல பக்கத்துக்குப் பக்கம் 'டெப்ரிகேட்டட்'னு வருது, அதாவது இன்னும் ஓடும், ஆனா இனிமே பயன்படுத்தாதீங்கன்னு. அகராதியில டெப்ரிகேட்டுக்கு 'அசுஷ்தாத்'னு இருந்துச்சு, கண்டிக்கிறது. சரின்னு அதுல இருந்து பெயரெச்சம் பண்ணி 'அசுஷ்தோன்னயா ஃபூன்க்த்சியா', கண்டிக்கப்பட்ட ஃபங்ஷன்னு (புரோகிராம்ல ஒரு வேலையச் செய்ற துண்டுதான் ஃபங்ஷன்) எல்லா இடத்துலயும் போட்டுட்டேன். அங்க இருக்குற ரிவ்யூவர் "இந்த ஃபங்ஷனுக்கு எத்தனை வருஷம் குடுத்தாங்க?"ன்னு கேட்டு பின்னாடி மூணு அடைப்புக்குறி போட்டிருந்தார். அப்புறம் எல்லாத்தையும் 'உஸ்தரேவ்ஷி'ன்னு மாத்திட்டார். அதுக்கு பழசாப் போனதுன்னுதானே அர்த்தம்? டெப்ரிகேட்ல பழசுங்கிற அர்த்தமே இல்லையே? எது சார் சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல்ல அந்த மூணு அடைப்புக்குறிக்கு பயப்படாதீங்க, ரஷ்யாக்காரங்க நெட்ல சிரிக்கிறதே அப்படித்தான், கண்ணுக்கு ரெண்டு புள்ளி வைக்கக்கூட பொறுமை கிடையாது, வாயை மட்டும் வரிசையா அடிச்சு விட்டுடுவாங்க. உங்க வாக்கியத்தைப் பாத்து நானும் சிரிச்சேன். 'அசுஷ்தாத்'துக்கு உள்ள 'சுத்'னு ஒரு சொல் உக்காந்திருக்கு, அதுக்கு கோர்ட்னு அர்த்தம். ஒருத்தர் இன்னொருத்தரை குறை சொல்றதுக்கும் இதே வினைதான், நீதிபதி தண்டனை குடுக்குறதுக்கும் இதே குடும்பம்தான். 'அசுஷ்தாத்'னு இருக்குற வரைக்கும் ஏதோ திண்ணையில உக்காந்து கண்டிக்கிற மாதிரி இருக்கும், அதையே முடிஞ்சுபோன வினையாக்கி பெயரெச்சம் பண்ணீங்கன்னா ஆள் உள்ள போயாச்சு. ஜெயில்ல இருக்குற கைதிக்கே 'அசுஷ்தோன்னி'ன்னுதான் பேரு. உங்க ஃபங்ஷன் ரஷ்யன்ல பெண்பால் வேற, அதனால அது பெண் கைதி.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். உங்க சந்தேகம் நியாயமானது, ரிவ்யூவர் போட்டதும் ஊர் வழக்கம்தான், ஆனா எனக்கு அந்த 'உஸ்தரேவ்ஷி' மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. அதுக்குள்ள இருக்குறது 'ஸ்தாரி', கிழடு, பழசு. ஜாவால த்ரெட்டை, அதாவது புரோகிராமுக்குள்ள தனியா ஓடிட்டு இருக்குற ஒரு வேலைய, பட்டுனு நிறுத்துற 'த்ரெட் ஸ்டாப்'னு ஒரு மெத்தட் (ஜாவால ஃபங்ஷனுக்கு இதான் பேரு) இருந்துச்சு, உங்க மேனுவல்லயே வந்திருக்கலாம். முதல் ஜாவா வந்தது 1996, அதுலயே இது இருந்துச்சு, 1998ல ஜாவா 1.2 வந்தப்பவே டெப்ரிகேட் பண்ணிட்டாங்க. மூணு வயசு கூட முடியாத புள்ளையப் போய் கிழவன்னு எப்படிய்யா சொல்றது? அதை ஒதுக்குனதுக்குக் காரணமே வயசு இல்ல, அது நிறுத்துற நேரத்துல அடுத்தவங்க டேட்டாவத் தொடாம இருக்க த்ரெட் புடிச்சு வச்சிருந்த லாக் எல்லாம் சொல்லாம கொள்ளாம விட்டுப் போயி டேட்டா பாதியில கிடந்து சீரழியும், அதனால தயவுசெஞ்சு தொடாதீங்கன்னு சொன்னாங்க. ஆனா தொட்டா வேலை செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு, 2023ல ஜாவா 20 வந்தப்பதான் கூப்பிட்டா எர்ரர் அடிக்கிற மாதிரி ஆக்குனாங்க. அதாவது வேணாம்னு சொல்லியே கால் நூற்றாண்டு ஓடிப்போச்சு.

வெப் பக்கம் எழுதுற எச்டிஎம்எல்ல இன்னும் சிக்கல். 1997ல வந்த எச்டிஎம்எல் 4ல ரெண்டு லிஸ்ட் தனித்தனியா வச்சாங்க. ஃபான்ட், சென்டர் மாதிரி டேக் எல்லாம் டெப்ரிகேட்டட், பிரவுசர்ல ஓடும், ஆனா புதுசா எழுதாதீங்க. லிஸ்டிங், பிளெயின்டெக்ஸ்ட் எல்லாம் ஆப்சலீட், அதாவது வழக்கொழிஞ்சது, பிரவுசர் அதை மதிக்கணும்னு கட்டாயமே இல்ல. ரெண்டுக்கும் 'உஸ்தரேவ்ஷி'ன்னே போட்டா படிக்கிறவன் எதை வச்சு பிரிச்சுப் பாப்பான்? அதனால கவனமா எழுதுறவங்க ஆப்சலீட்டுக்கு 'உஸ்தரேவ்ஷி'ய விட்டுட்டு டெப்ரிகேட்டட்டுக்கு 'நெஷெலாத்தில்னி'ன்னு எழுதுவாங்க, விரும்பத்தகாததுன்னு அர்த்தம், இல்லன்னா 'நெ ரெக்கமெந்துயெத்சா', அதாவது பரிந்துரைக்கப்படுவதில்லை. என் ஓட்டு இதுக்குத்தான்.

ஏன்னா டெப்ரிகேட்டோட லத்தீன் வேரப் பாருங்க, 'டெ' விலக, 'ப்ரெகாரி' வேண்டுறது, கெட்டது எதுவும் வராம இருக்க வேண்டி விலக்குறதுதான் ஆதி அர்த்தம். கோர்ட் வாசனையே கிடையாது, கோயில் வாசனைதான். 'ப்ரெகாரி'க்கு ரஷ்யன்லயே சொந்தக்காரன் இருக்கான், 'ப்ரசீத்', கேட்டுக்கிறது, நீங்க முதல் வாரமே படிச்சிருப்பீங்க. சமஸ்கிருதத்துல அதே வேர்ல இருந்து வந்ததுதான் பிரச்னம், அதான் நம்ம வாயில பிரச்சனையா நிக்குது. (பிரார்த்தனையும் இதே வேர்தானேன்னு யாராவது கேப்பீங்க, இல்ல, அது வேற வேர்.) வேண்டி விலக்குறதுக்கு அப்படியே அச்சு எடுத்த மாதிரி ரஷ்யன்ல 'அத்மலீத்'னு ஒண்ணு இருக்கு, ஆனா அதை மனுஷன் செஞ்ச பாவத்துக்குத்தான் சொல்லுவாங்க, மேனுவல்ல போட்டீங்கன்னா இந்தத் தடவை ஆறு அடைப்புக்குறி வரும்.

தமிழ்ல இதுக்குப் பக்கத்துல வர்ற சொல் கடிதல். கண்டிக்கிறதும் அதுதான், விலக்குறதும் அதுதான், குறள்ல குற்றங்கடிதல்னு ஒரு அதிகாரமே இருக்கே. இலக்கணத்துல கடிசொல்னா விலக்க வேண்டிய சொல். டெப்ரிகேட்டட் ஃபங்ஷனை கடிஃபங்ஷன்னு சொல்லலாம்னு ஆசைதான், எவனும் சொல்ல மாட்டான்.

ரஷ்யன் புரோகிராமர்களும் பேசும்போது இவ்வளவு யோசிக்கிறதில்ல, 'ஸதெப்ரிகெய்தித்'னு இங்கிலீஷ் வினைக்கே முன்னாடி பின்னாடி ரஷ்யன் ஒட்டு போட்டு ஓட்டிடுறாங்க, நம்ம டெப்ரிகேட் பண்ணிட்டாங்க மாதிரியேதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உங்க மேனுவல்லயே எங்கயாவது டெப்ரீஷியேட்னு வந்தா அது வேற ஆளு, விலை குறையறது, ரஷ்யன்லயும் விலைங்கிற 'த்செனா'வ உள்ள வச்சுதான் அதைச் சொல்லுவாங்க. இங்கிலீஷ்காரங்களே இந்த ரெண்டையும் குழப்பித்தான் தன்னைத்தானே மட்டம் தட்டி ஜோக் அடிக்கிறவனை செல்ஃப் டெப்ரிகேட்டிங்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு 'சமஇரோனியா'ன்னு போடுங்க, அங்க கண்டனம், கோர்ட் எதையும் உள்ள விடாதீங்க.

உங்க ரிவ்யூவர்கிட்ட சண்டைக்குப் போக வேணாம், பழைய பக்கங்கள்லயும் 'உஸ்தரேவ்ஷி'தான் இருக்கும்னு நினைக்கிறேன், நீங்க மட்டும் மாத்துனா தேடுறவங்களுக்கு கிடைக்காது. த்ரெட் ஸ்டாப் வர்ற பக்கத்துல மட்டும் 'நெ ரெக்கமெந்துயெத்சா'ன்னு போட்டு அனுப்பிப் பாருங்க. அவர் அதை மாத்தாம விட்டார்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க.