லெப்டின் அதிகம் இருந்தும் ஏன் இந்தப் பசி?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 84 கிலோ. கணவரோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். அதிகாலை 3 மணிக்கு எழ வேண்டும். இரண்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு விட்டு 6 கிலோ குறைத்தேன். அப்புறம் பசி தாங்காமல் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. நாகர்கோவிலில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் லெப்டின் அதிகம் என்று வந்திருக்கிறது. அது பசியை அடக்கும் ஹார்மோன் என்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு ஏன் பசி அடங்கவில்லை? ஆன்லைனில் விற்கும் லெப்டின் மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வாங்க வேண்டாம். லெப்டின் ஒரு புரதம். வாய்வழியாக உள்ளே போனால், நீங்கள் சாப்பிடும் சாளை மீனுக்கு என்ன கதியோ அதே கதிதான். வயிறும் குடலும் செரித்துவிடும். தவிர, உங்களிடம் அது குறையவும் இல்லையே.

லெப்டினைச் சுரப்பவை கொழுப்பு செல்கள். கொழுப்பு கூடினால் ரத்தத்தில் அதுவும் கூடும். 84 கிலோவில் அதிகமாக இருப்பது எதிர்பார்த்ததுதான். அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழித்திருக்க வேண்டாம். லெப்டின் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குப் போய், அங்குள்ள நரம்பு செல்களில் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, 'இருப்பு போதும், பசியைக் குறை' என்று சொல்ல வேண்டும். 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத சில குழந்தைகளுக்கு ஊசி அருமையாக வேலை செய்தது. ஆனால் அந்தக் குறைபாடு இல்லாத பருமனானவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில் பெரிய பலன் இல்லை.

நான் குளச்சல் பக்கம் கடற்கரையில் வளர்ந்தவன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் அலைச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை என்பார்கள். எங்களுக்கோ அப்படியொரு சத்தம் இருப்பதே தெரியாது. உங்கள் நரம்பு செல்களும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. லெப்டின் ஓயாமல் வந்துகொண்டிருந்தால், எஸ்ஓசிஎஸ்-3 என்ற புரதத்தை அந்த செல்லே உண்டாக்கி, ஏற்பியிலிருந்து உள்ளே போகும் செய்தியை மட்டுப்படுத்துகிறது. ரத்தத்திலிருந்து லெப்டின் மூளைக்குள் கடந்து போவதும் பருமனில் குறைகிறது. இதற்கு லெப்டின் எதிர்ப்பு என்று பெயர். சர்க்கரை நோயில் இன்சுலின் எதிர்ப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே கூத்துதான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஓயாத அலையைக் கண்டுகொள்ளாத எங்களுக்கு, கடல் திடீரென்று அடங்கினால் உடனே தெரிந்துவிடும். மூளையும் லெப்டின் கூடுவதைக் கவனிக்காமல், குறைவதை மட்டும் பளிச்சென்று பிடித்துக்கொள்கிறது. பட்டினி கிடக்கும்போது, கொழுப்பு கரைவதைவிட வேகமாக லெப்டின் சரியும். எடை இன்னும் 78 கிலோ இருக்கிறதே என்று மூளை பார்ப்பதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று பசியைக் கூட்டுகிறது, உடல் எரிக்கும் கலோரியைக் குறைக்கிறது. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனும் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அந்த 6 கிலோ திரும்ப வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைப் படிக்கக் கொடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மெதுவாகப் போங்கள். நான்கைந்து மாதத்தில் 4 கிலோ குறைந்தால் போதும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே நல்லது செய்யும். ராத்திரிச் சாப்பாட்டை விட வேண்டாம். மரச்சீனிக் கிழங்கையும் விட வேண்டாம். அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீன், சிறுபயறு, கீரைத் துவரன் வையுங்கள். வெட்டு முடிந்து குடிக்கும் கட்டன் சாயாவில் சீனியைக் குறையுங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும். 3 மணிக்கு எழுகிறவர் 8:30க்காவது படுக்க வேண்டும், சீரியல் முடியக் காத்திருக்கக் கூடாது.

தைராய்டு, மூன்று மாத சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். குறட்டை உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு உங்களுக்கு 33க்கு மேல். இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன். ஆகவே செமாகுளுடைட் போன்ற ஊசிகளைப் பற்றியும் அங்கே கேட்கலாம். அவை வேறொரு ஏற்பி வழியாகப் பசியைக் குறைப்பதால், லெப்டின் எதிர்ப்பு இருந்தாலும் வேலை செய்யும். மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடும், செலவும் கொஞ்சநஞ்சமல்ல. அதையும் பேசிவிட்டே ஆரம்பியுங்கள்.