பில் கேசிடிக்கு 2026 தேர்தல் ஏன் இவ்வளவு கடினம்? அந்த ஒரு ஓட்டு மட்டும்தான் காரணமா?

கேள்வி இது: "2020-ல் 59 சதவீதம் வாங்கி ஜெயித்த லூசியானா செனட்டர் பில் கேசிடி, 2026-ல் சொந்தக் கட்சி வேட்பாளர் ஆவதற்கே ஏன் திண்டாடுகிறார்? டிரம்புக்கு எதிராகப் போட்ட ஒரு ஓட்டுதானே காரணம்?"

நீங்கள் செய்திகளில் டிரம்ப் மீதான 2021 பதவி நீக்க விசாரணையைப் படித்துவிட்டு இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாதி சரி. மீதிப் பாதி ஓட்டுப் போடும் முறை மாறியதில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பின்னூட்டத்தில் "இவர் குடியரசுக் கட்சி ஆதரவு", "இவர் டிரம்ப் வெறுப்பு" என்று இரண்டு பக்கமும் வரும் என்று தெரியும். கேசிடி போட்ட ஓட்டுகளில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒருவரின் வாக்குப் பதிவைப் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி படித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் ஆள் யார்? கல்லீரல், இரைப்பை நிபுணர். 1983-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். பேட்டன் ரூஜில் ஏர்ல் கே. லாங் என்ற தர்ம ஆஸ்பத்திரியில், காப்பீடு இல்லாதவர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். பள்ளிக் குழந்தைகள் சுமார் 36,000 பேருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட திட்டத்தை நடத்தியவர். 2005-ல் கத்ரீனா புயல் அடித்தபோது, மூடிக் கிடந்த ஒரு கே-மார்ட் கடைக் கட்டடத்தைத் தொண்டர்களோடு சேர்ந்து அவசர மருத்துவமனையாக மாற்றியவர். பிறகு மாநில செனட், 2009 முதல் அமெரிக்கக் கீழவை, 2015 முதல் செனட்.

2014 தேர்தலைக் கொஞ்சம் கவனியுங்கள், விடை அங்கேயே இருக்கிறது. லூசியானாவில் அப்போது எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச் சீட்டில் நிற்பார்கள், எல்லா வாக்காளர்களும் போடலாம். ஒருவர் பாதிக்கு மேல் வாங்கினால் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்கும் மறுசுற்று. நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் மேரி லாண்ட்ரூ 42, கேசிடி 41, இன்னொரு குடியரசுக் கட்சிக்காரர் 14 சதவீதம். டிசம்பர் 6 மறுசுற்றில் கேசிடி 56-க்கு 44 என்று ஜெயித்தார். தீவிர வலதுசாரி ஓட்டு பிரிந்து போனாலும், மறுசுற்றில் வேறு போக்கிடம் இல்லாமல் இவரிடம்தான் வந்தது. 2020-ல் டிரம்பின் ஆதரவும் இருந்ததால் முதல் சுற்றிலேயே முடிந்தது.

2024 ஜனவரியில், ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பதவியேற்ற கையோடு, அந்த முறையை மாற்றினார்கள். 2026 முதல் அமெரிக்க நாடாளுமன்றப் பதவிகளுக்குக் கட்சிவாரியாக மூடிய முதற்கட்டத் தேர்தல், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல். குடியரசுக் கட்சியில் பதிந்தவர்களும், எந்தக் கட்சியிலும் பதியாதவர்களில் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குபவர்களும் மட்டுமே போடலாம். ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர் போட முடியாது. லூசியானாவில் தாத்தா காலத்துப் பழக்கத்தில் ஜனநாயகக் கட்சியில் பதிந்துவிட்டு, வருடக்கணக்காகக் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் வயதானவர்கள் நிறைய. அவர்களும் வெளியே. கேசிடி மாதிரி நடுவில் நிற்பவருக்கு ஓட்டு வரக்கூடிய கதவு அதுதான். அதை மூடிவிட்டார்கள். ஏப்ரலில் நடக்க இருந்த தேர்தலை, தொகுதி வரைபட வழக்குக்காக மே 16-க்குத் தள்ளினார்கள். யாருக்கும் பாதி தாண்டாவிட்டால் ஜூன் 27 மறுசுற்று.

இனி ஓட்டுகள். நம் ஊரில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும் என்பதால், ஓர் உறுப்பினரின் தனி வாக்குப் பதிவு என்று படிக்க நமக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. செனட்டில் அப்படியல்ல. ஒவ்வொரு ஓட்டிலும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எத்தனை ஓட்டுத் தேவை, எத்தனை விழுந்தது, இவர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா?

2021 பிப்ரவரி 13, டிரம்ப் குற்றவாளி என்று 57 பேர், இல்லை என்று 43 பேர். தேவை 67. குடியரசுக் கட்சியிலிருந்து ஏழு பேர், அதில் கேசிடி ஒருவர். இவர் மாற்றிப் போட்டிருந்தாலும் டிரம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அன்றைக்கே மாநிலக் கட்சியின் செயற்குழு கண்டனத் தீர்மானம் போட்டது. இவர் திடீரென்று மாறியவரும் அல்ல. இந்த விசாரணையே செல்லுமா என்ற ஜனவரி 26 நடைமுறை ஓட்டில் கட்சியோடு நின்றார். பிப்ரவரி 9-ல் இரு தரப்பு வாதத்தையும் கேட்டுவிட்டு, விசாரணை நடத்த செனட்டுக்கு அதிகாரம் உண்டு என்ற பக்கம் வந்தார்.

2025 பிப்ரவரி 4, செனட்டின் நிதிக் குழு. தடுப்பூசிகளைச் சந்தேகித்துப் பேசிவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரைச் சுகாதார அமைச்சராக்கும் பரிந்துரை 14-க்கு 13. (லூசியானாவின் இன்னொரு செனட்டர் பெயர் ஜான் கென்னடி. அவர் வேறு.) இங்கே கேசிடி மாற்றிப் போட்டிருந்தால் குழுவில் தோற்றிருக்கும். பெரும்பான்மைக் கட்சி நினைத்தால் குழுவைத் தாண்டி அவைக்குக் கொண்டுவரத் தனித் தீர்மானம் உண்டு, ஆனால் அதற்கு நாளும் ஆகும், கட்சிக்குள் கூச்சமும் இருக்கும். முழு அவையில் 52-க்கு 48. அங்கே கேசிடி எதிர்த்திருந்தாலும் 51-க்கு 49 என்று நிறைவேறியிருக்கும். ஆக அவர் கையில் உண்மையான பிடி இருந்தது அந்தக் குழு அறையில் மட்டும். அந்தப் பிடியைச் சில வாக்குறுதிகளுக்கு விட்டுக்கொடுத்தார். எந்தத் தடுப்பூசியை யாருக்குப் போடலாம் என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் ஆலோசனைக் குழுவை மாற்றமில்லாமல் வைத்திருப்பார்கள் என்பது அதில் ஒன்று. ஜூன் 9-ல் அந்தக் குழுவின் 17 பேரையும் கென்னடி நீக்கினார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஜனவரி விசாரணையில் கேசிடியே சொன்ன நோயாளி: 18 வயதுப் பெண், ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவைக்கு ஹெலிகாப்டரில் அனுப்பப்பட்டவர். அந்தப் பெண்ணைப் பற்றி வாயால் சொன்னவர் அடுத்த வாரம் ஆமோதித்து ஓட்டுப் போட்டார். செனட்டில் குடியரசுக் கட்சியின் நான்கு டாக்டர்களும் (பராஸோ, கேசிடி, மார்ஷல், ரேண்ட் பால்) அப்படியே போட்டார்கள். "டாக்டர் அரசியலுக்கு வந்தால் மருத்துவத் துறை நன்றாகிவிடும்" என்று எழுதுபவர்கள் இந்த நான்கு ஓட்டையும் பார்க்க வேண்டும். எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் மிட்ச் மெக்கானல். அவர் சின்ன வயதில் போலியோ வந்தவர்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். "பிறந்த குழந்தைக்கு எதற்கு ஹெபடைடிஸ் பி ஊசி, அது பெரியவர்கள் நோய்தானே" என்று தமிழிலும் சுற்றி வருகிறது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கும். பெரியவர்களுக்குத் தொற்றினால் தங்குவது சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான். தாய்க்குப் பரிசோதனை விட்டுப்போகலாம், பரிசோதனைக்குப் பிறகு தொற்றலாம். அதனால்தான் முதல் 24 மணி நேரத்தில் போடுகிறார்கள். கென்னடி நியமித்த புதிய தடுப்பூசி ஆலோசனைக் குழு 2025 டிசம்பர் 5-ல் இந்தப் பொதுப் பரிந்துரையைத் தளர்த்தியபோது கேசிடி வெளிப்படையாக எதிர்த்தார். காலம் கடந்த எதிர்ப்பு.

மற்ற ஓட்டுகளைச் சுருக்கமாக. எதிர்பாராத மருத்துவ பில்லுக்கு எதிரான 2020 சட்டத்தில் இவர் பங்கு பெரியது. அவசரத்துக்குப் போன ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தாலும், பட்டியலில் இருந்தால் கட்டும் பங்கை மட்டும் கட்டினால் போதும். ஆனால் சாலை ஆம்புலன்ஸ் அதில் இல்லை, பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். 2021 உட்கட்டமைப்புச் சட்டம் 69-க்கு 30, பேச்சுவார்த்தையில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர்களில் இவரும் ஒருவர். 2022 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கும் ஆம். அதே சமயம் 2017-ல் ஒபாமா கேர் (ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம்) பணத்தை மாநிலங்களுக்கு மொத்தமாகப் பிரித்துக் கொடுக்கும் மசோதாவில் செனட்டர் லிண்ட்சி கிரஹாமோடு இவர் பெயர்தான் இருந்தது, ஓட்டெடுப்புக்கே வராமல் போனது. 2025 ஜூலையில் 51-க்கு 50 என்று நிறைவேறிய டிரம்பின் பெரிய வரிச் சட்டத்துக்கும் ஆம்.

கூட்டிப் பாருங்கள்: முடிவை மாற்றாத ஓட்டுக்குத் தண்டனை, முடிவை மாற்றியிருக்கக்கூடிய கென்னடி ஓட்டை டிரம்ப் பக்கம் போட்டும் மன்னிப்பு இல்லை. 2026 ஜனவரியில் டிரம்ப், கேசிடியை எதிர்த்து நிற்க லூசியானாவின் கீழவை உறுப்பினர் ஜூலியா லெட்லோவுக்கு ஆதரவு அறிவித்தார். 2020 டிசம்பரில் கோவிடில் கணவரை இழந்தவர், 2021-ல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி வெளிப்படையாகப் பேசியவர். இன்னொரு போட்டியாளர், மாநிலப் பொருளாளர் ஜான் ஃபிளெமிங், அவரும் டாக்டர்.

முடிவுகள் வரும் இரவில் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். பேட்டன் ரூஜ் இருக்கும் கிழக்கு பேட்டன் ரூஜ் பாரிஷ் (லூசியானாவில் மாவட்டத்துக்குப் பெயர் பாரிஷ்), நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய ஜெஃபர்சன், செயின்ட் டாமனி ஆகியவற்றில் கேசிடி எவ்வளவு வாங்குகிறார் என்று பாருங்கள். வடகிழக்கில் மன்ரோ பக்கம் லெட்லோவின் இடம், வடமேற்கில் ஷ்ரீவ்போர்ட் பக்கம் ஃபிளெமிங்கின் பழைய தொகுதி. ஃபிளெமிங் அங்கே எவ்வளவு ஓட்டைப் பிரிக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் ஜூன் 27 தேவைப்படுமா என்பது.