பிரிவின் வலியை ஒரு முகப் படத்தில் காட்ட முடியுமா?

முடியும். ஆனால் ‘சோகமாகப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் கிடைப்பது நடிப்புதான். இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கம் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கே தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்களிடம் ‘அழுகைக் கோச்சி’ பற்றிக் கேளுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களைக் கப்பல் துறையான தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயில் அது.

லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், ஃபிளாஷ் வேண்டாம். அவர்களை வாசற்படியில் பக்கவாட்டாக உட்காரச் சொல்லுங்கள். பனிமூட்ட வெளிச்சம் ஒரு கன்னத்தில் மெல்ல விழும். இடம் குறுகல், 50 மி.மீ. லென்ஸ் போதும். பேசும்போது எடுக்காதீர்கள். பேச்சு நின்று, தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல் முந்தானையைத் திருகுமே, அப்போது எடுங்கள். அந்த விரலும் படத்துக்குள் வரட்டும். காதலில் தோற்ற இளைஞனுக்கும் இதே வழிதான். முந்தானைக்குப் பதில் கையில் போன் இருக்கும்.